ஒரு மா மிளகு

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நாலு நாள் நடந்துவிட்டு வந்தேன். சட்டையை உதறினால் இன்னும் சுக்கு வாசம் வருகிறது. ‘பழைய கட்டடம் பார்க்கக் கிளம்புங்கள்’ என்று போன இதழில் ஒரு வரி எழுதியதற்கு வந்த கடிதங்கள் ஒரு சாக்கு. சாக்கை அவிழ்க்கிறேன்.

கே: மாமா, லிஸ்பன் போய் அங்குள்ள கோதிக் கட்டடங்களைப் பார்க்க ஆசை. விசா கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? (திருப்பூர் வாசகர்)

ப: ரயிலேறி எர்ணாகுளத்தில் இறங்குங்கள், மருமகனே. விசா கேட்காமல் லிஸ்பனே இங்கே வந்து 160 வருஷம் குடியிருந்தது. 1503இல் போர்ச்சுக்கீசியர் கோட்டை போட்டார்கள், 1663இல் டச்சுக்காரர் காலி செய்ய வைத்தார்கள். வாடகை பாக்கி இன்னும் வரவில்லை.

கே: கொச்சியில் கோதிக்கா? ஒரு கட்டடம் காட்டுங்கள், நம்புகிறேன். (தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

ப: ஃபோர்ட் கொச்சி சாந்தா குரூஸ் பசிலிக்கா. வெள்ளை வெளேரென்று இரட்டைக் கோபுரம், உள்ளே வரிசையாகக் கூர்வளைவுகள். ஆனால் இது இரண்டாவது பிறவி. முதல் கோயிலுக்குப் போர்ச்சுக்கீசியர் அஸ்திவாரம் போட்டது 1505இல். டச்சுக்காரர் அதை இடிக்காமல் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். 1795இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, அவர்கள் இடித்தார்கள். இப்போது நிற்பது 1887இல் தொடங்கி 1905இல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவன் ஒருத்தன், கிடங்காக்கியவன் ஒருத்தன், இடித்தவன் ஒருத்தன். மூவரும் கும்பிட்டது ஒரே ஏசுவை.

கே: கோதிக் என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்லவும். (சிவகாசி வாசகர்)

ப: கூர்வளைவு, விலா எலும்பு தெரியும் கல் மச்சு, வெளியே நின்று தோள் கொடுக்கும் முட்டுச்சுவர், அதனால் மிச்சமான சுவரில் ஆளைவிட உயரமான வண்ணக் கண்ணாடி. இப்போது மூச்சு விடலாம்.

கே: வளைவை ஏன் கூராக்கினார்கள்? அழகுக்காகவா? (கோவை பொறியியல் மாணவர்)

ப: பொறியியல் படிக்கிறவர் கேட்பதால் செய்முறைத் தேர்வே வைக்கிறேன். முழங்கைகளை விரித்து, விரல் நுனிகள் மட்டும் தொடும்படி கும்பிடுங்கள். அதுதான் கூர்வளைவு. மேலிருந்து யாரையாவது அழுத்தச் சொல்லுங்கள். முழங்கை வெளியே ஓடப் பார்க்கும். ஓடுகிற இடத்தில் நண்பன் ஒருவன் கைகொடுத்தால் அவன்தான் முட்டுச்சுவர்.

அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிக்க வேண்டும்; தடித்த சுவரில் பெரிய சன்னல் வைக்க முடியாது; உள்ளே இருட்டு. வளைவு கூரானதும் பாரம் கீழ்நோக்கி இறங்குகிறது. மிச்சத் தள்ளலை முட்டு வாங்கிக்கொள்கிறது. சுவருக்கு வேலை போய்விட்டது. வேலை போன சுவரைக் கண்ணாடியாக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டவனை நான் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

கே: ‘கோதிக்’ என்பது கட்டியவர் பெயரா, ஊர்ப் பெயரா? (விருதுநகர் வாசகி)

ப: வசவு, மருமகளே. கோத்துகள் என்றால் ரோமைச் சூறையாடிய கூட்டம். அவர்களுக்கும் இந்தக் கட்டடக்கலைக்கும் சம்பந்தமே இல்லை; இது 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகே சாந்தெனி கோயிலில் கண் விழித்த பாணி. பின்னால் வந்த மறுமலர்ச்சிக் கால இத்தாலியர், ‘காட்டான் வேலை’ என்று இளக்காரமாக வைத்த பெயர். பட்டப்பெயர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டது.

கே: தஞ்சைப் பெரிய கோயில் உசத்தியா, பாரிஸ் நோத்ர தாம் உசத்தியா? ஒரு பந்தயம் இருக்கிறது. (கும்பகோணம் நண்பர்கள்)

ப: பந்தயப் பணத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் விமானம் 1010இல் முடிந்து, 150 வருஷம் கழித்துத்தான் (1163) நோத்ர தாமுக்குக் கல் வைத்தார்கள். இரண்டுமே இருநூறு அடிக்கு மேல். ஆனால் நோக்கம் வேறு. கோதிக் கொத்தன் கடவுளை வெளிச்சத்தில் தேடினான். நம் பெருந்தச்சன் இருட்டுக்குள் ஒற்றைத் திரி ஏற்றி, ‘இதோ’ என்றான்.

கே: லிஸ்பன் ஜெரோனிமோஸ் மடத்துக்கும் கொச்சிக்கும் ஏதோ சொந்தம் என்கிறார்களே? (நாகர்கோவில் ஆசிரியர்)

ப: சொந்தம்தான், கடன்காரச் சொந்தம். மன்னர் மனுவேல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த கட்டடம்; முடிய ஏறத்தாழ நூறு வருஷம். கோதிக்கின் கடைசிப் பிள்ளை என்று சொல்லலாம்: கப்பல் கயிற்றையும் கடல் சாமான்களையும் கல்லில் முறுக்கி வைத்த பாணி. மன்னர் பெயரையே பாணிக்கும் சூட்டிவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து? ஆப்பிரிக்காவிலும் கிழக்கு நாடுகளிலும் நடந்த வணிகத்தில் இருபதில் ஒரு பங்கு வரி. அந்த வரிக்கு அவர்கள் வைத்த பெயரே ‘மிளகு இருபதிலொன்று’. நம் பழைய கணக்கில் இருபதில் ஒன்றுக்கு ‘மா’ என்று பெயர். ஆக, ஒரு மா மிளகு. நாம் ரசத்தில் போட்டோம். அவர்கள் கோபுரத்தில் போட்டார்கள்.

கே: அப்படியானால் லிஸ்பன் போவதே வீண் என்கிறீர்களா? (சென்னை, பெரம்பூர் வாசகர்)

ப: வாயைக் கழுவுங்கள்! கட்டாயம் போங்கள். கொச்சியைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறேன். கணக்குப் புத்தகத்தைப் படித்தவனுக்குத்தான் பங்களாவின் அருமை தெரியும். அங்கே போனால் கார்மோ மடத்தைத் தவறவிடாதீர்கள். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் வந்த நிலநடுக்கத்தில் கூரை போய்விட்டது. திரும்பப் போடவில்லை. வானத்தின் கீழ் கூர்வளைவுகள் மட்டும் நிற்கின்றன. கோதிக் எப்படி நிற்கிறது என்பதைத் தோலுரித்துக் காட்டும் பாடம்.

கே: வாஸ்கோடகாமா கல்லறை கொச்சியில்தானே இருக்கிறது? (தேனி மாணவன்)

ப: கல் இங்கே, ஆள் அங்கே. 1524 டிசம்பர் 24ஆம் தேதி கொச்சியில் உயிர் போனது. இன்றைய செயின்ட் பிரான்சிஸ் கோயிலில் புதைத்தார்கள். சுமார் பதினைந்து வருஷத்தில் எலும்பைத் தோண்டிப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள். இப்போது படுத்திருப்பது ஜெரோனிமோஸ் மடத்தில். கொச்சியிலிருந்து கடைசியாக ஏற்றுமதியானது அவரேதான்.

கே: அவர் வீரரா, வில்லனா மாமா? (அதே மாணவனின் தங்கை)

ப: கெட்டிக்காரி, அண்ணன் கேட்க மறந்ததைக் கேட்டாய். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலைப் பிடித்து, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கத் தீ வைத்தவர். கடல்வழி தெரிந்தவர், அதை யாரும் மறுக்க வேண்டாம். அந்தக் கல் முன் நான் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

கே: செயின்ட் பிரான்சிஸ் கோயிலில் பெஞ்சுகளுக்கு மேலே தொங்கும் நீளத் துணிப் பட்டை என்ன? அலங்காரமா? (ராஜபாளையம் வாசகி)

ப: பங்கா. மின்விசிறிக்குத் தாத்தா. கயிற்றை வெளியே ஓர் ஆள் இழுத்துக்கொண்டே இருப்பான். உள்ளே பிரசங்கம் கேட்பவருக்குக் காற்று வரும். அந்தக் கோயிலே கைமாறிக் கைமாறி வந்தது: 1503இல் மரத்தில் எழுந்தபோது கத்தோலிக்கம், பிறகு டச்சுச் சீர்திருத்தச் சபை, பிறகு ஆங்கிலிக்கன், இன்று சி.எஸ்.ஐ. சுவரோரமெங்கும் போர்ச்சுக்கீசிய, டச்சுக் கல்லறைக் கற்கள். காற்று வாங்கியவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. கயிறு இழுத்தவன் பெயரைத் தேடினேன். இல்லை.

கே: மட்டாஞ்சேரி டச்சு அரண்மனையை டச்சுக்காரர் எந்த வருஷம் கட்டினார்கள்? (போட்டித் தேர்வு எழுதுபவர், அரியலூர்)

ப: கட்டவே இல்லை! பொறிக் கேள்வி, குறித்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. பக்கத்துக் கோயில் ஒன்றைக் கொள்ளையடித்ததால் ராஜாவின் கோபத்தைத் தணிக்கக் கொடுத்த பரிசு என்பார்கள். அமைப்பு கேரள நாலுகட்டு. முற்றத்தில் இருப்பது பழையன்னூர் பகவதி. டச்சுக்காரர் 1663க்குப் பிறகு பழுது பார்த்தார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தவன் பெயரில் பட்டா!

கே: அந்த அரண்மனை வெளியே சாதாரணமாக இருக்கிறதே. உள்ளே போக வேண்டுமா? (மயிலாடுதுறை வாசகர்)

ப: பலாப்பழத்தை வெளியே தடவிப் பார்த்துவிட்டு வருகிறவரா நீங்கள்? ராஜாவின் பள்ளியறைச் சுவரில் ராமாயணம் ஓடுகிறது, புத்திரகாமேட்டி யாகத்திலிருந்து. காவி, பச்சை, மஞ்சள். இடைவெளி ஓர் அங்குலம் விடாமல் உருவங்கள். வேகமாக நடந்தால் வெறும் கூட்டம் மாதிரித் தெரியும். ஒரே சுவர் முன் கால்மணி நேரம் நில்லுங்கள். தசரதன் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள்.

கே: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் லீவு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி முழுவதும் பார்த்துவிடலாமா? (ஓசூர், ஐ.டி. ஊழியர்)

ப: வெள்ளிக்கிழமை அரண்மனை பூட்டு. வெள்ளி மதியத்திலிருந்து சனி முழுக்க யூத ஜெபாலயம் பூட்டு. ஞாயிறு காலை கோயில்களில் ஆராதனை. மூன்று மதமும் சேர்ந்து உங்களைத் திங்கட்கிழமைக்கு அழைக்கின்றன. மேலாளரிடம் பேசுங்கள்.

கே: எர்ணாகுளத்திலிருந்து காரில் போகலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

ப: போகலாம். ஆனால் அது தண்ணீரைப் பார்த்து முகம் வைத்துக் கட்டிய ஊர். ஜெட்டியில் அரசு போட் இருக்கிறது. ஹைகோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோ இருக்கிறது. காரில் போனால் ஊரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

கே: யூத ஜெபாலயத்தின் தரை ஓடுகள் பற்றிப் பிரமாதமாகச் சொல்கிறார்களே? (காரைக்குடி வாசகி)

ப: ஆத்தங்குடிக் கல்லில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரி கேட்கிறார், நான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். ஜெபாலயம் 1568இல் கட்டியது. ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து வந்தவை. வெள்ளையில் நீலம், கையால் வரைந்தது. ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பார்கள். ஓடுகள் முதலில் ராஜாவுக்காக வந்தவை என்றும், ‘மாட்டு ரத்தம் கலந்தது’ என்று யாரோ காதில் போட்டதும் அவர் வேண்டாமென்று ஜெபாலயத்துக்குத் தள்ளிவிட்டார் என்றும் ஓர் ஊர்க்கதை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நல்லது. பாதத்துக்கும் கண் உண்டு என்று அங்கே தெரியும்.

கே: யூத ஜெபாலய மணிக்கூண்டில் ஏன் விதவிதமான எண்கள்? (ஈரோடு வாசகர்)

ப: 1760இல் எசக்கியேல் ரகபி என்ற யூத வணிகர் எழுப்பியது. ஒரு முகத்தில் எபிரேய எண், ஒரு முகத்தில் ரோமன், அரண்மனையைப் பார்க்கும் முகத்தில் மலையாளம். எல்லா மொழியிலும் நேரம் சொன்னால் யாரும் கடனைத் தாமதமாகக் கட்ட முடியாது. வணிகர் அல்லவா!

கே: எல்லா மதமும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்கிறார்கள். ஜெபாலயத்துக்குள்ளும் அப்படித்தானா? (சேலம் வாசகர்)

ப: உங்கள் ஊர்ப் பெயர் கொண்டவரே இதற்குப் பதில். ஏ.பி. சேலம் (1882–1967), மட்டாஞ்சேரி வக்கீல். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை ஜெபாலயத்துக்குள் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார விடவில்லை. அவர்களுக்குத் தரையும் படியும்தான். சேலம் அந்தப் பிரிவில் பிறந்தவர். ஊரில் பலருக்கு வழிபாட்டு உரிமை கேட்டுக் காந்தி நடந்த காலத்தில், இவர் தன் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். பெஞ்சு கிடைத்தது. ‘யூத காந்தி’ என்று அழைத்தார்கள். நீல ஓட்டைப் படம் பிடிக்கிறவர்கள் அந்தப் படிக்கட்டையும் ஒரு தடவை பாருங்கள்.

கே: நோத்ர தாம் எரிந்தபோது டி.வி. பார்த்து அழுதேன். இப்போது எப்படி இருக்கிறது? (புதுச்சேரி வாசகி)

ப: 2019 ஏப்ரல் 15இல் எரிந்தது, ‘காடு’ என்று பெயர் வாங்கிய ஓக் மரக் கூரை முழுக்கப் போயிற்று, கல் மச்சு பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள்.

அதே 2019 செப்டம்பரில், மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் ஜெபாலயத்தின் சுவர் மழையில் இடிந்து விழுந்தது. அதுவும் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நீல ஓட்டு ஜெபாலயத்துக்கு நடந்து போகும் தூரம். அதன் மர வேலைப்பாடெல்லாம் முன்பே எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கட்டடம் கிடங்காகக் கிடந்தது. அதற்காக யாரும் டி.வி. முன் அழவில்லை. நீங்கள் நல்ல மனசுக்காரி. அடுத்த கண்ணீரில் ஒரு சொட்டை இங்கே அனுப்புங்கள்.

கே: மட்டாஞ்சேரியில் வளைந்த சிலுவை என்று ஒன்று உண்டாமே? (தூத்துக்குடி வாசகர்)

ப: கூனன் குருசு. 1653 ஜனவரி 3ஆம் தேதி, தோமா கிறிஸ்தவர்கள் திரண்டு, போர்ச்சுக்கீசியரின் பேராயருக்கும் இயேசு சபையாருக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்த இடம். கூட்டத்தில் எல்லோருக்கும் சிலுவை எட்டவில்லை. கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்களாம். இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்பது ஊர் வழக்கு. சிலுவை வளைந்தது, ஆட்கள் வளையவில்லை.

கே: இவ்வளவு கொச்சி புராணத்தில் தமிழுக்கு என்ன இடம்? (மதுரை தமிழாசிரியை)

ப: முதல் வரிசையில் இடம், அம்மா. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது, ரோமன் எழுத்தில். இந்திய மொழிகளிலேயே அச்சு மை பட்ட முதல் மொழி நம்முடையது, அதுவும் அந்த மிளகுப் பட்டணத்தில். அப்புறம் தமிழுக்குச் சொந்த எழுத்தை வார்த்தார்கள்: 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. இரண்டும் அண்டிரிக்கு அடிகளார் என்று முத்துக்குளித்துறை மக்கள் அழைத்த அன்றிக் அன்றிக்கசின் வேலை. கொச்சித் தெருவில் நடக்கும்போது எனக்கு மிளகு வாசத்துக்கு நடுவே அச்சு மை வாசமும் வந்தது. நம் எழுத்து ஈயத்தில் நின்ற ஊர் இது. செருப்பை இங்கேயும் கழற்றியிருக்கலாம்.

கே: போர்ச்சுக்கீசியர் நமக்கு விட்டுப் போனது என்ன? (விழுப்புரம் வாசகர்)

ப: சாவியால் அலமாரியைத் திறந்து, துவாலையை எடுத்து, மேசைமேல் போட்டுவிட்டுச் சன்னல் ஓரம் நின்று யோசியுங்கள். சாவி, அலமாரி, துவாலை, மேசை, சன்னல்: ஐந்தும் அவர்கள் சொல். கோட்டை போய்விட்டது. சாவி நம்மிடம்.

கே: கொச்சியில் தமிழர்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் ஏதும் உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

ப: ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் படையாட்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, துவைகல், கஞ்சி, முறுக்கிய கயிற்றில் கிளிப் இல்லாமல் செருகிய வேட்டிகள். பேச்சு தமிழ். டச்சுக் கொடி இறங்கியது, ஆங்கிலக் கொடி இறங்கியது. இவர்கள் கொடியில் துணி இறங்கவே இல்லை.

கே: கொச்சி தூரம். தமிழ்நாட்டுக்குள்ளேயே கோதிக் சொல்லுங்களேன். (நாமக்கல் வாசகி)

ப: சென்னை சாந்தோம், 1896இல் எழுந்தது, கடற்கரைக் காற்றில் உள்ளே உட்கார்ந்து மேலே பாருங்கள். திருச்சியில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி லூர்து மாதா கோயில். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கோயில் 1830. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனை மரம் என்பார்கள். சுல்தான் வீட்டுத் தேக்கு ஏசு வீட்டைத் தாங்குகிறது.

கே: என் பையனுக்கு வயது பத்து. பழைய கட்டடம் என்றால் ‘போர் அடிக்குது’ என்கிறான். (ஆவடி தாய்)

ப: வருஷம் சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள். ‘ஒரே மாதிரி இரண்டு ஓடு கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம்’ என்று ஜெபாலயத்தில் விடுங்கள். கரையோரச் சீன மீன்பிடி வலையில் எதிர்ப்பாரமாகத் தொங்கும் கற்களை எண்ணச் சொல்லுங்கள். மணிக்கூண்டில் மலையாள எண்களைத் தேடச் சொல்லுங்கள். மாலையில் அவன் உங்களுக்கு வரலாறு எடுப்பான்.

கே: சாந்தா குரூஸ் கோயிலுக்குள் ஓவியங்கள் யார் வரைந்தது? (சிவகங்கை ஓவிய ஆசிரியர்)

ப: அந்தோனியோ மொஸ்கேனி, இத்தாலிய இயேசு சபைத் துறவி. மங்களூர் செயின்ட் அலோஷியஸ் சிற்றாலயத்தைச் சுவர் முதல் கூரை வரை நிறைத்த கை. கொச்சிக்கு வந்து, பீடத்தின் பின்னால் வரைந்தார். கோயில் அர்ச்சிக்கப்பட்டது 1905 நவம்பரில். அதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார். வண்ணம் காய்ந்தது, அவர் பார்க்கவில்லை. மெழுகுவத்தி ஏற்ற நினைப்பவர்கள் அவருக்கும் ஒன்று.

கே: ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள். (ரயில் மாறும் அவசரத்தில், பாலக்காட்டுத் தமிழர்)

ப: சாந்தா குரூஸ் வளாகத்துக்குப் போங்கள். உள்ளே நுழையாதீர்கள். தென்கிழக்கு மூலையில் ஒரு கருங்கல் தூண் தனியாக நிற்கும். இடிக்கப்பட்ட அந்தப் பழைய கோயிலில் மிஞ்சியது அது. மேலே கூரை கிடையாது, தாங்க ஒன்றும் கிடையாது. மதிய நேரமாக இருந்தால் பார்த்துத் தொடுங்கள், சுடும்.